ஐஸ் மேக்கர் நின்னா அன்னைக்கே கார்டைத் தேய்க்காதீங்க

ஃப்ரிட்ஜ் நல்லா கூலாகுது, ஐஸ் மட்டும் விழலையா? அது அவசரச் செலவே கிடையாது. பால் கெடாது, மாவு புளிக்காது. சர்வீஸ் ஆள் "அசெம்ப்ளியையே மாத்தணும் சார்"னு சொன்னாலும் கொஞ்சம் பொறுங்க.

ஐஸ் பெட்டி மேல ஒரு கம்பி இருக்கும். அது தூக்கியே நின்னா, பெட்டி நிறைஞ்சதா நினைச்சு மெஷின் ஐஸ் போடாது. இறக்கி விட்டாலே போதும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில இருக்கா, ஃபில்டர் மாத்தி 6 மாசம் தாண்டிருச்சான்னும் பாருங்க.

நம்ம ஊர்ல பலர் கவனிக்காதது ஆர்ஓ. ஐஸ் மேக்கருக்குப் பொதுவா குறைஞ்சது 20 பிஎஸ்ஐ தண்ணி அழுத்தம் வேணும். வீட்டு ஆர்ஓ டேங்க்ல தண்ணி சும்மா இறங்குது, அழுத்தமே இருக்காது. ஐஸ் சின்னதா, உள்ளே ஓட்டையா விழுந்தா இதைத்தான் முதல்ல சந்தேகப்படணும். இதுக்கு அசெம்ப்ளியை மாத்தினா காசுதான் போகும், ஐஸ் அப்படியேதான் விழும்.

நிஜமாவே பார்ட் போயிருந்தா, முதல்ல வாரண்டி பாருங்க. அப்புறம் எழுத்துல எஸ்டிமேட், கையில பழைய பார்ட். என்னைக் கேட்டா, வாரண்டி முடிஞ்ச ஃப்ரிட்ஜுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ண மாட்டேன். ஒரு ஐஸ் ட்ரே வாங்கிப்பேன். இதையே சாக்கா வச்சு கிரெடிட் கார்டு "நோ காஸ்ட் இஎம்ஐ"ல புது ஃப்ரிட்ஜ் எடுக்கிறது இன்னும் மோசம். வட்டிப் பகுதிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், பெரும்பாலும் ப்ராசஸிங் ஃபீயும் சேரும்.

ரிப்பேர் வேண்டாம்னு விட்டா, ஐஸ் மேக்கரை ஆஃப் பண்ணி, அதுக்குப் போற தண்ணி வால்வையும் மூடிடுங்க.