நிறுத்திப் பார்த்தால் தெரியும்

மார்க்கெட்டிங் பணிக்கான மென்பொருள்களை ஆண்டுதோறும் தொகுத்து வரைபடமாக வெளியிட்டு வருபவர் ஸ்காட் பிரிங்கர். 2011இல் அவர் வெளியிட்ட முதல் வரைபடத்தில் சுமார் 150 மென்பொருள்கள் இருந்தன. 2025ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 15,384. மின்னஞ்சல் அனுப்ப ஒன்று, வாட்ஸ்அப்பில் மொத்தமாகச் செய்தி அனுப்ப ஒன்று, விளம்பரத்தை அளக்க ஒன்று, விசாரித்தவர்களைத் திரும்ப அழைக்க நினைவூட்ட ஒன்று, பதிவுகளை எழுதித் தர ஒன்று எனச் சந்தை விரிந்துகொண்டே போகிறது. இதில் எதை வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டியவர், பெரும்பாலும் கோவையில் ஒரு பம்ப்செட் நிறுவனத்திலோ திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்திலோ தனி ஆளாக மார்க்கெட்டிங்கைக் கவனித்துக்கொள்பவர். அவருக்குக் கிடைக்கும் வழிகாட்டுதல்களில் பெரும்பாலானவை எந்தக் கருவியில் என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்று அடுக்குகின்றன. ஆனால், வசதிகளுக்குப் பஞ்சமே இல்லை. தங்களிடம் இருக்கும் மென்பொருள்களின் திறனில் 33 சதவீதத்தைத்தான் மார்க்கெட்டிங் துறையினர் பயன்படுத்துகிறார்கள் என்று கார்ட்னர் நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. 2020இல் இது 58 சதவீதமாக இருந்தது. வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு சும்மா கிடந்தது என்றால், வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்றுதான் பொருள்.

அந்தக் கேள்வி இதுதான்: இந்தக் கருவியை நாளைக்கு நிறுத்தினால் வியாபாரத்தில் என்ன குறையும்? இதற்கான பதிலைக் கருவியின் திரையிலேயே தேடக் கூடாது என்பது என் வாதம். ஒரு கருவியின் பயனுக்கு அந்தக் கருவியே சாட்சி சொல்ல முடியாது. ஒரு மாதத்தில் ஒரு கடை 100 பில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ்புக் விளம்பரக் கணக்கு அதில் 50 தன்னால் வந்தவை என்று காட்டும். கூகுள் விளம்பரக் கணக்கு 60 தன்னுடையவை என்னும். வாட்ஸ்அப் செய்தி அனுப்பித் தரும் நிறுவனம் 30ஐக் கணக்கில் எழுதிக்கொள்ளும். கூட்டினால் 140. யாரும் பொய் சொல்லவில்லை. விளம்பரத்தைத் தொட்ட ஒருவர் குறிப்பிட்ட நாட்களுக்குள் பொருளை வாங்கினால் அந்த விற்பனை தன்னுடையது என்று ஒவ்வொரு தளமும் தனித்தனியே விதி வைத்திருக்கிறது. ஒரே வாடிக்கையாளர் மூன்று இடத்திலும் விளம்பரத்தைத் தொட்டிருந்தால் மூன்று கணக்கிலும் ஏறிவிடுகிறார். விளம்பரம் இல்லாமலே வாங்கியிருப்பாரா என்பதை எந்தக் கணக்கும் கேட்பதில்லை. மளிகைக் கடைத் தராசுக்குக்கூட அரசு முத்திரை வேண்டும் என்று சட்டம் இருக்கும் நாட்டில், விளம்பரத்தை விற்பவரே தன் தராசில் தானே நிறுத்துக் காட்டும் எடையை நாம் அப்படியே ஏற்றுக்கொள்கிறோம்.

அந்தத் தராசு தவறியதும் உண்டு. தன் தளத்தில் மக்கள் ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கை இரண்டு ஆண்டுகளாக மிகைப்படுத்திக் காட்டிவிட்டதாக ஃபேஸ்புக் 2016இல் ஒப்புக்கொண்டது. மூன்று வினாடிகூடப் பார்க்காமல் கடந்துபோனவர்களைச் சராசரியிலிருந்து விட்டுவிட்டதால், பார்த்த நேரம் 60 முதல் 80 சதவீதம் வரை கூடுதலாகத் தெரிந்தது. மின்னஞ்சலின் கதையும் இதுதான். கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியளவு படத்தை வைத்து, அந்தப் படம் இறங்கினால் கடிதம் திறக்கப்பட்டது என்று மென்பொருள்கள் கணக்கிட்டு வந்தன. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம், தன் மின்னஞ்சல் செயலியில் புதிய தனியுரிமைப் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டவர்களுக்கு, கடிதத்தைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவைக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து அந்தச் சதவீதத்தில் எவ்வளவு மனிதர்கள், எவ்வளவு இயந்திரம் என்று பிரிக்க முடியவில்லை. ஆனாலும் மாத அறிக்கைகளில் அது இன்னும் தலைப்பு எண்ணாக நிற்கிறது.

நிறுத்திப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு மிகத் தெளிவான உதாரணம் ஈபே. தேடுபொறிகளில் 'ஈபே' என்று தேடுபவர்களுக்குத் தன் விளம்பரத்தைக் காட்ட அந்த நிறுவனம் பணம் கொடுத்து வந்தது. அதன் கணக்குப்படி அது நல்ல முதலீடு. விளம்பரத்தைத் தொட்டவர்கள் நிறைய வாங்கினார்கள். 2012இல் தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டாடெலிஸ் ஆகிய பொருளியலாளர்கள் சில தேடுபொறிகளில் அந்த விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தார்கள். வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 சதவீதம் பேர், விளம்பரத்துக்குக் கீழேயே இருந்த காசில்லாத இணைப்பைத் தொட்டு ஈபேவுக்கே வந்து சேர்ந்தார்கள். பெயரைச் சொல்லித் தேடி வந்தவரிடம் முகவரி காட்டவே பணம் போயிருக்கிறது. அடுத்து அவர்கள், நிறுவனத்தின் பெயர் இல்லாத பொதுவான தேடல்களுக்கான விளம்பரங்களையும் அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் 60 நாட்களுக்கு நிறுத்தி, மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். அடிக்கடி வாங்குபவர்களிடம் எந்த வித்தியாசமும் இல்லை. ஈபேவை அதிகம் அறியாத புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குபவர்களிடமும் மட்டும் விளம்பரம் வேலை செய்திருந்தது. இந்த ஆய்வு 2015இல் 'எக்கனாமெட்ரிகா' இதழில் வெளியானது. விளம்பரம் வீண் என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாரிடம் பலிக்கிறது, யாரிடம் பலிக்கவில்லை என்பதைத் திரையில் தெரிந்த எண் மறைத்துவிட்டது. நிறுத்தியபோது வெளியே வந்தது. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனமும் 2017இல் ஒரே காலாண்டில் 10 கோடி டாலருக்கும் மேல் டிஜிட்டல் விளம்பரச் செலவைக் குறைத்துவிட்டு, விற்பனை வளர்ச்சியில் அதன் பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்று அறிவித்தது.

அமெரிக்கப் பெருநிறுவனம் செய்ததை ஈரோட்டு ஜவுளிக்காரர் செய்ய முடியுமா? முடியும், ஆய்வுத் துறை எதுவும் தேவையில்லை. சேலம், ஈரோடு, மதுரை, திருநெல்வேலி நான்கிலும் விளம்பரம் ஓடுகிறது என்றால், மதுரையிலும் ஈரோட்டிலும் ஆறு வாரம் நிறுத்திவிட்டு மற்ற இரண்டில் அப்படியே விட வேண்டும். ஆடித் தள்ளுபடியோ தீபாவளியோ குறுக்கே வராத காலமாகப் பார்க்க வேண்டும். பிறகு நான்கு ஊர்களின் விற்பனையையும் சென்ற ஆண்டின் அதே வாரங்களோடு ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீட்டுக்கு எண்ணை எடுக்க வேண்டிய இடம் டேலி கணக்கும் ஜிஎஸ்டி பில்லும். விளம்பரத் தளம் அல்ல. இன்னொரு சாட்சியும் உண்டு. விசாரிக்க வந்தவரின் பெயர், தேதி, என்ன கேட்டார், நம்மைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டார், வாங்கினாரா என்று ஐந்து கட்டம் போட்ட எக்செல் தாள். கவுன்ட்டரில் இருப்பவரும் போன் எடுப்பவரும் இதை நாள்தோறும் நிரப்பினால், எந்த மென்பொருளையும் சாராத ஒரு பதிவு கையில் இருக்கும். வாங்க வேண்டிய முதல் கருவி எது என்று கேட்டால், இந்தத் தாள்தான் என்பேன். இந்தத் தாளே நிலைக்காத அலுவலகத்தில் மாதம் 10,000 ரூபாய் சந்தா கட்டும் மென்பொருளும் நிலைக்காது. ஏனென்றால் அதற்கும் யாராவது தரவு போட்டாக வேண்டும்.

இதற்கு இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. சிறிய நிறுவனத்தின் எண்ணிக்கை சிறியது, வாரத்துக்கு 20 பில் போடும் கடையில் ஏற்ற இறக்கம் தானாகவே இருக்கும், அதை வைத்து முடிவெடுப்பது ஆபத்து என்பது முதல் மறுப்பு. 5 சதவீத வித்தியாசத்தை அந்தக் கடையால் கண்டுபிடிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால், கருவி விற்பவர் 5 சதவீதம் என்றா சொல்கிறார்? உங்கள் விற்பனையில் பாதி என்னால்தான் வருகிறது என்று அவருடைய திரை காட்டுகிறது. பாதி விற்பனைக்குக் காரணமான ஒன்றை ஆறு வாரம் நிறுத்தினால் சின்னக் கடையிலும் கண்ணுக்குத் தெரியும்படி விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த உரிமைகோரல் செல்லாது. பெரிய மிகைப்படுத்தலைப் பிடிக்கச் சிறிய எண்ணிக்கையே போதும். இரண்டாவது மறுப்பு, சில வேலைகளின் பலன் மெதுவாகத்தான் வரும் என்பது. ஒரு பிராண்டின் பெயர் மனதில் பதிவதும், கட்டுரைகளும் செய்முறை வீடியோக்களும் தேடலில் மேலே வருவதும் ஆறு வாரச் சங்கதி இல்லை. அதை நான் முழுமையாக ஏற்கிறேன். அத்தகைய வேலையை நிறுத்திச் சோதிப்பது, நட்ட செடியைப் பிடுங்கி வேர் பார்ப்பதாகிவிடும். நிறுத்திப் பார்க்கும் சோதனை, உடனடி விற்பனை என்று சொல்லி விற்கப்படும் கருவிகளுக்கு உரியது. மெதுவான வேலைக்குக் கூகுள் சர்ச் கன்சோல் போன்ற இலவசக் கருவியே போதிய அளவு சொல்லும். நம் பெயரைச் சொல்லித் தேடுபவர்கள் கூடுகிறார்களா என்று மாதாமாதம் பார்த்தால் போதும். அதில் 16 மாதத் தரவுதான் இருக்கும் என்பதால் அவ்வப்போது இறக்கிச் சேமித்துக்கொள்ள வேண்டும்.

விற்பவரின் சாட்சியம் செல்லாது என்பது டெமோவுக்கும் பொருந்தும். எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். டெமோ ஆங்கிலத்தில் நடக்கும். ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து, விலை இத்தனை பைசா என்பார்கள். தமிழில் அனுப்பினால் எல்லை 70ஆகக் குறைந்துவிடுகிறது. அதோடு 'தள்ளுபடி' என்ற சொல் நமக்கு ஐந்து எழுத்து. புள்ளியையும் கொம்பையும் கொக்கியையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு எட்டு. ஆங்கிலத்தில் ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கும் அறிவிப்பு தமிழில் இரண்டு மூன்றாக உடைந்து, கட்டணமும் அதே மடங்கு ஏறும். இதன் மேல், அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்த வாசகத்தோடு பொருந்தாத செய்தி வாடிக்கையாளரின் போனை எட்டாது. ஆகவே நம்முடைய சொந்தத் தமிழ் வாசகத்தையும் நம்முடைய 100 வாடிக்கையாளர் எண்களையும் வைத்து ஒரு முறை அனுப்பிப் பார்க்காமல் ஆண்டுச் சந்தா கட்டக் கூடாது. ஆண்டுச் சந்தாவுக்குக் கிடைக்கும் தள்ளுபடியைவிட, மூன்றாவது மாதத்தில் விலகிக்கொள்ளும் வசதி மதிப்பு வாய்ந்தது.

விலகுவது என்றதும் வாடிக்கையாளர் பட்டியல் நினைவுக்கு வர வேண்டும். நாம் நிறுத்தாவிட்டாலும் கருவியே ஒருநாள் நின்றுபோகலாம் என்பதற்கு அண்மைக் கால வரலாறே சான்று. 2020 ஜூனில் மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கில் மட்டும் வாடிக்கையாளரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் அவர்களை இழந்தார்கள். கூகுள் தன் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸை 2023 ஜூலையில் நிறுத்தி, அதில் இருந்த தரவையும் 2024 ஜூலையில் மூடியது. இறக்கி வைக்காதவர்களின் பல ஆண்டு ஒப்பீடுகள் போயின. சிறு கடைகளுக்காகக் கூகுள் இலவசமாகக் கட்டிக்கொடுத்த இணையப் பக்கங்கள் 2024 மார்ச்சில் மறைந்தன. மெயில்சிம்ப் தன் இலவசத் திட்டத்தில் 2,000 முகவரிகள் வரை அனுமதித்து வந்து, 2023இல் அதை 500 ஆக்கியது. இலவசம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. முழுப் பட்டியலையும் ஒரு சாதாரண எக்செல் கோப்பாக இறக்கித் தராத கருவி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. சட்டமும் பொறுப்பை நம் தலையில்தான் வைக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவைக் கையாள்வது வெளியார் மென்பொருளாக இருந்தாலும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியது அதைத் திரட்டிய நிறுவனம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தப் பேச்சு பழையதாகிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் 30 பதிவுகள் எழுத முடிவது உண்மையான வசதி. அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், பதிவுகளின் எண்ணிக்கை வியாபாரம் ஆகாது. 30 பதிவு போட்ட மாதத்துக்கும் 8 பதிவு போட்ட மாதத்துக்கும் விசாரணைத் தாளில் வேறுபாடு இருக்கிறதா என்று பார்த்தால், அந்தச் சந்தா தொடர வேண்டுமா என்பதற்கும் பதில் கிடைத்துவிடும்.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. மார்க்கெட்டிங் ஊழியரின் மாத மதிப்பீடே லைக், ரீச், லீட் என்ற திரை எண்களை வைத்துத்தான் பல நிறுவனங்களில் நடக்கிறது. விளம்பரத்தை இரண்டு ஊர்களில் நிறுத்துகிறேன் என்று அவர் சொன்னால் அந்த மாத எண் விழும், திட்டு வாங்குவார். அதனால் தெரிந்தும் நிறுத்த மாட்டார். முதலாளி எழுத்துபூர்வமாக அனுமதி கொடுத்து, அந்த வாரங்களின் எண்களை மதிப்பீட்டிலிருந்து விலக்கினால்தான் இது நடக்கும். தனி நிறுவனத்தின் எண்ணிக்கை சிறியது என்ற குறைக்கும் தீர்வு இருக்கிறது. கோவையின் கொடிசியா போன்ற தொழில் அமைப்புகளின் உறுப்பினர்கள் 20 பேர் ஒரே கருவியை ஒரே காலத்தில் நிறுத்திப் பார்த்து, பெயர் குறிப்பிடாமல் பில் எண்ணிக்கையை மட்டும் பகிர்ந்துகொண்டால், எந்த விற்பனைப் பிரதிநிதியும் தர முடியாத பதில் அவர்கள் அனைவருக்கும் கிடைக்கும். அடுத்த நிதியாண்டுக்கான சந்தாக்களைப் புதுப்பிக்கும் முன் அந்த அமைப்புகள் இதைத் தொடங்கலாம்.