கெரம் பலகைக்குத் தீர்ப்பு வந்தது. பதினொரு பேருக்கு எப்போது?

முன்னாள் அமைச்சர் ஒருவர் கைது என்ற செய்தி வந்தால் கொட்டாஞ்சேனையில் யாரும் பெரிதாக வியப்பதில்லை. ஜம்பட்டா வீதியிலும் விவேகானந்தா மேட்டிலும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "இன்றைக்குப் பிடிப்பார்கள், நாளைக்கு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போவார், அடுத்த கிழமை பிணை. பெரிய ஆக்களுக்கு ஒன்றும் நடக்காது."

இந்த அவநம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. இது அனுபவத்தில் இருந்து வந்தது. ஆனால் அது முழு உண்மையா என்பதை இப்போது கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2025 மே 29ஆம் திகதி முன்னாள் அமைச்சர் மஹிந்தானந்த அளுத்கமகேவுக்கு 20 ஆண்டுகளும் நளின் பெர்னாண்டோவுக்கு 25 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2015 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர் 14,000 கெரம் பலகைகளையும் 11,000 தாம் பலகைகளையும் சதொச ஊடாக இறக்குமதி செய்து விநியோகித்ததில் அரசுக்கு நட்டம் ஏற்படுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க, லண்டன் பயணம் ஒன்றுக்கு அரச பணத்தைப் பயன்படுத்தியதாகக் கைது செய்யப்பட்டார். நான்கு நாட்களில் பிணையில் வந்தார் என்பது உண்மைதான். ஆனாலும் இலங்கையில் ஒரு முன்னாள் ஜனாதிபதி விளக்கமறியலில் வைக்கப்படுவார் என்று அதற்கு முன்னர் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஆகவே "ஒன்றும் நடக்காது" என்பது சரியல்ல. ஏதோ நடக்கிறது. எந்தக் குற்றங்களுக்கு நடக்கிறது, எவற்றுக்கு நடக்கவில்லை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கொட்டாஞ்சேனையின் கணக்கு வேறு. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்ரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். விடயம் வருத்தத்தோடு முடிந்தது.

2008 புத்தாண்டு தினத்தன்று, பொன்னம்பலவாணேசர் ஆலயத்தில் வழிபாட்டுக்குச் சென்றிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் தியாகராஜா மகேஸ்வரன் சுட்டுக் கொல்லப்பட்டார். சில வாரங்களுக்கு முன்னர்தான் அவருடைய பாதுகாப்பு குறைக்கப்பட்டிருந்தது. சுட்டவருக்கு 2012இல் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அனுப்பியவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அதே காலத்தில்தான் பதினொரு பேரின் கதையும் தொடங்குகிறது. 2008, 2009 ஆண்டுகளில் கொட்டாஞ்சேனை, தெஹிவளை உட்பட கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் பதினொரு பேர் கடத்தப்பட்டார்கள். அவர்களில் ஐவர் 2008 செப்டெம்பர் 17ஆம் திகதி தெஹிவளையில் ஒன்றாகக் கடத்தப்பட்டவர்கள். சிலருடைய பெற்றோரிடம் தொலைபேசியில் கப்பம் கேட்கப்பட்டது. கொழும்பு கோட்டை சைத்திய வீதியில் உள்ள கடற்படை வளாகத்திலும், பின்னர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் 'கன்சைட்' எனப்படும் நிலத்தடிச் சிறையிலும் அவர்கள் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது புலனாய்வாளர்கள் நீதிமன்றத்தில் சொன்னது. ஒருவரும் வீடு திரும்பவில்லை.

இந்த வழக்கில் சாட்சியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வழக்கின் தொடக்கமே கடற்படைக்குள் இருந்துதான் வந்தது. 2009 மே மாதம் அப்போதைய கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட தன்னுடைய பாதுகாப்பு அதிகாரிக்கு எதிராகத் தானே முறைப்பாடு செய்தார். அந்த அதிகாரியின் அறையில் காணாமற்போனவர்களுடைய அடையாள அட்டைகள் கிடைத்திருந்தன. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் நிசாந்த சில்வா நூல் பிடித்து மேலே சென்றார். 2018 நவம்பரில், பிரதான சந்தேக நபருக்கு அடைக்கலம் கொடுத்ததாக முப்படைகளின் பிரதானி ரவீந்திர விஜேகுணரத்னவே விளக்கமறியலில் வைக்கப்பட்டார். 2019 நவம்பரில் சட்டமா அதிபர் கரன்னாகொட உட்பட 14 பேருக்கு எதிராகக் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தார்.

அதே மாதம் கோத்தாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். ஒரு வாரத்துக்குள் நிசாந்த சில்வா குடும்பத்துடன் சுவிற்சர்லாந்து சென்றுவிட்டார். திணைக்களத்தின் பணிப்பாளர் ஷானி அபேசேகர இடமாற்றப்பட்டு, 2020 ஜூலையில் கைது செய்யப்பட்டார். 'அரசியல் பழிவாங்கல்' பற்றி விசாரிக்க நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு, சந்தேக நபர்களைப் பழிவாங்கப்பட்டவர்களாகப் பார்த்தது. 2021 ஒக்டோபரில் கரன்னாகொடவுக்கு எதிரான குற்றச்சாட்டுகளை சட்டமா அதிபர் மீளப் பெற்றார். கரன்னாகொட குற்றச்சாட்டுகளை மறுத்து வந்தவர். அவர் குற்றவாளியா நிரபராதியா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும் சந்தர்ப்பமே இல்லாமல் போனது. இரண்டே மாதங்களில் அவர் வடமேல் மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார்.

அரசியல்வாதியின் முறைகேடு என்றதும் நமக்குக் கொமிசனும் டெண்டரும்தான் நினைவுக்கு வருகின்றன. நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய ஒருவரை ஆளுநர் கதிரையில் அமர்த்துவதும், விசாரித்த அதிகாரியைச் சிறையில் போடுவதும் அதைவிடப் பெரிய முறைகேடு. அதற்காக எந்த அரசியல்வாதியும் இதுவரை விசாரணைக்கு அழைக்கப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. 'ஊழல் வழக்கு வேறு, போர்க்கால வழக்கு வேறு' என்று தென்னிலங்கையில் ஒரு பிரிப்பு இருக்கிறது. ஊழலைத் தொட்டால் கைதட்டல். சீருடையைத் தொட்டால் 'படைவீரர்களைக் காட்டிக்கொடுத்தல்'. பதினொரு பேர் வழக்கில் அந்தப் பிரிப்பு செல்லாது. குற்றச்சாட்டின்படி இது பணத்துக்காக நடந்த கடத்தல். அரச முகாம், அரச வாகனம், அரச சம்பளம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பெற்றோரிடம் கப்பம் கேட்டிருந்தால், அது ஊழல் இல்லாமல் வேறென்ன? கெரம் பலகைக்கு ஒரு சட்டம், பிள்ளைகளுக்கு இன்னொரு சட்டமா?

கொட்டாஞ்சேனைக்கு இன்னொரு அனுபவமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. அன்று நாடு முழுவதும் 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2022 பெப்ரவரியில் முன்னாள் பாதுகாப்புச் செயலாளரையும் பொலிஸ்மா அதிபரையும் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தபோது 'தெரிந்த கதைதானே' என்றார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் உள்ளிட்டோர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுக்கள் நிலுவையில் இருந்தன. 2023 ஜனவரி 12ஆம் திகதி, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவணை தவணையாக என்றாலும் அவர் கட்டினார். 10 கோடி ரூபா ஓர் உயிருக்கும் ஈடாகாது. ஆனால் அந்தத் தீர்ப்பை எந்த அரசாங்கமும் தரவில்லை. மனுவில் கையெழுத்திட்டவர்களும் அதைக் கைவிடாதவர்களும்தான் பெற்றார்கள்.

அவநம்பிக்கைக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அதனால் நன்மை பெறுவது யார்? 'ஒன்றும் நடக்காது' என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்வரை வழக்கு ஏன் நின்றது என்று யாரும் கேட்க மாட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதைவிட வசதி வேறில்லை.

இப்போதைய அரசாங்கத்திடம் கேட்கத் தெளிவான கேள்விகள் இருக்கின்றன. ஷானி அபேசேகர 2025இல் மீண்டும் அதே கதிரைக்கு வந்திருக்கிறார். 2025 ஜூலையில் இன்னொரு முன்னாள் கடற்படைத் தளபதி நிசாந்த உலுகேதென்ன, பொத்துஹெரவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் காணாமல் ஆக்கப்பட்டது தொடர்பாகக் கைது செய்யப்பட்டார். தெற்கின் ஒரு குடும்பத்துக்குத் திறந்த கதவு, கொட்டாஞ்சேனைக் குடும்பங்களுக்கு ஏன் மூடியிருக்கிறது? 2021இல் குற்றச்சாட்டுகளை மீளப் பெற்றதற்கான காரணம் முழுமையாக வெளியிடப்படுமா? சட்டமா அதிபர் அரசாங்கத்தின் சட்டத்தரணியாகவும் வழக்குத் தொடுநராகவும் இருக்கும் இரட்டை வேடத்தை முடிக்க, சொல்லப்பட்டுவரும் சுயாதீன வழக்குத் தொடுநர் அலுவலகம் எப்போது வரும்?

2025 மார்ச்சில் பிரித்தானியா கரன்னாகொட உட்பட நால்வர் மீது தடை விதித்தது. அமெரிக்கா 2023இலேயே அவருக்கு நுழைவுத் தடை விதித்திருந்தது. வெளிநாடுகள் விசாவை மறுக்கலாம். விளக்கம் கேட்டு வழக்கு நடத்த வேண்டியது இந்த நாட்டின் நீதிமன்றம்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதிக்கு வந்த தாய்மாரும் கொழும்பு நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய தாய்மாரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான். பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். அடுத்த அமைச்சர் கைதாகும்போது ஊர் சிரிக்கட்டும், தவறில்லை. ஆனால் சிரித்த கையோடு பதினொரு பேர் வழக்கு எங்கே என்றும் கேட்க வேண்டும்.