பெட்டிக்கு முதல் வேலி: உரும்பிராயின் தேனீக்கள் குறித்து எமது சங்கத்தின் நிலைப்பாடு

வீட்டுக்கு ஒரு தேனீப்பெட்டி வைத்தால் தோட்டமும் காய்க்கும், தேனும் கிடைக்கும்தானே என்று அண்மைக்காலமாகப் பலர் எம்மிடம் கேட்கிறார்கள். உரும்பிராயின் செம்மண்ணில் தோட்டம் செய்கிறவர்களும் வளவுக்குள் நாலு கன்று வைத்திருப்பவர்களும் சேர்ந்தது எமது சங்கம். ஆகவே இந்தக் கேள்வி எம்மிடம் வருவது இயல்புதான். கூடிப் பேசி நாம் வந்த முடிவு இது: இப்போதைக்கு ஊர் முழுக்கப் பெட்டி வேண்டாம். முதலில் வேலியும் மரமும் பூவும் திரும்பி வரட்டும்.

வேலியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய ஒழுங்கைகளின் இரு கரையிலும் கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை, இடையிடையே ஆடாதோடை நின்றன. மாரி ஓய்ந்து தை, மாசியில் சீமைக்கிளுவை இலையுதிர்த்து ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும். ஆடாதோடைப் பூவைத் தேடிப் பெரிய கருவண்டுகள் வரும். நாம் வண்டு என்கிறோமே தவிர அவையும் தேனீ இனந்தான். பட்ட பூவரசந்தடியிலும் பழைய கூரையின் மரங்களிலும் துளையிட்டு அவை குஞ்சு வளர்க்கும். இன்று அந்தத் தடி இருந்த இடத்தில் சீமெந்துக் கல் மதில் நிற்கிறது. மதில் கட்டியவர்களை நாம் குறை சொல்லவில்லை. இடம்பெயர்ந்து திரும்பியவனுக்கு எல்லை உறுதியாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் வருவது இயற்கை. வருடாவருடம் வேலி அடைக்க ஆள் பிடிப்பதும் கூலி கொடுப்பதும் இலேசான காரியமல்ல. ஆனால் கலியாண வீட்டுக்குக் கன்னிக்கால் ஊன்ற ஒரு முள்முருக்கந்தடிக்காக ஊர் ஊராகத் திரிகிற நிலை வந்த பிறகாவது, மதிலோடு எதை இழந்தோம் என்று யோசிக்கத்தான் வேண்டும்.

எந்தத் தேனீ எந்தப் பயிருக்கு என்று பார்த்தால் பெட்டியின் எல்லை விளங்கும். இலங்கையில் ஏறக்குறைய 150 இனத் தேனீக்கள் உண்டு. பெட்டியில் வளர்வது அவற்றில் ஒன்று மட்டுமே. பூசணிக்கும் பாகலுக்கும் அது நன்றாக உதவும். பூசணிப் பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும். அந்தச் சில மணித்தியாலத்தில் ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவைச் சேரவேண்டும். கத்தரியும் தக்காளியும் வேறு விதம். அவற்றின் மகரந்தம் வெளிவர நுனியில் சிறு வழி மட்டுமே உள்ளது. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டும், மண்ணில் வளை தோண்டி வாழும் நீலவரித் தேனீயும்தான் அதைச் செய்கின்றன. கொடித்தோடைக்கும் கருவண்டே வேண்டும். பூ பெரிது, சிறிய தேனீயின் முதுகு மகரந்தத்தில் முட்டாது. புடலையோ இரவில் பூப்பது, அதற்கு அந்துப்பூச்சி. ஆகவே முற்றம் முழுக்க இன்ரலொக் கல் பதித்துவிட்டு மூலையில் ஒரு பெட்டி வைப்பவருடைய கத்தரிக்கு அந்தப் பெட்டியால் பலன் இல்லை. கல்லுக்குக் கீழே போன மண்ணில்தான் அந்தக் கத்தரிக்கு வேண்டிய தேனீ குடியிருந்தது.

எமது உறுப்பினர் பலரின் பிள்ளைகள் இலண்டனில் இருக்கிறார்கள். அங்கே மாடிக்கு மாடி தேனீ வளர்த்ததன் விளைவை 2020இல் கியூ தாவரவியல் பூங்காவின் அறிக்கை எடுத்துச் சொன்னது: பெட்டிகள் பெருகியபோது அவற்றுக்குப் போதிய பூ இல்லை, காட்டுத் தேனீக்களின் இரையையும் அவை பங்குபோடத் தொடங்கின. எமது பெட்டித் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே இரை தேடுவது. சோளகம் வீசும் மாதங்களில் இங்கே பூ குறைவு. இரை இல்லாவிட்டால் எமது தேனீ பெட்டியை விட்டுக் குடும்பத்தோடு வெளிக்கிட்டுவிடும். பிறகு வெறும் பெட்டிதான் மிஞ்சும், அதுவும் கோழி அடைக்க உதவும். வாழ்வாதார உதவி என்று பெட்டி வழங்க விரும்புவோர் அதே பணத்தில் முருங்கை, நாவல், வேம்புக் கன்றுகளைத் தரலாம் என்பது எமது கருத்து. புகையிலையைப் பூக்கமுன்னமே குருத்து முறித்துவிடுவதால் அதில் தேனீக்கு இரை இல்லை. வாழைப்பொத்தி மட்டும் ஆண்டு முழுவதும் தேனீக்குச் சோறு போடுகிறது, தன் காய்க்குத் தேனீ தேவைப்படாதபோதும்.

வளர்க்கவே விரும்புபவர் வளர்க்கட்டும். தானாக வந்து குடியேறிய கூட்டத்தை வளர்ப்பதே நல்லது. வெளி மாவட்டத்திலிருந்து கூட்டம் வாங்கி வருவதை நாம் எதிர்க்கிறோம். 1991 தொடக்கம் தென்னிந்தியாவில் பரவிய சாக்புரூட் வைரசு, மார்த்தாண்டம் போன்ற தேனுக்குப் பேர்போன இடங்களில் பெட்டி பெட்டியாக இதே இனத் தேனீயை அழித்தது. நோய் கூட்டத்தோடு கூடவே பயணம் செய்யும். வதை முழுவதையும் அறுக்காமல், பஞ்ச மாதங்களுக்கென்று தேனை விட்டுவைக்கவேண்டும். திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் நூறு வருடத்துக்கு முன் வடிவமைத்த சட்டப் பெட்டியா, பழைய முறையில் மண்முட்டியா என்பதில் எமக்குள்ளேயே இன்னும் இணக்கமில்லை. அந்த வாக்குவாதம் தொடர்கிறது. பந்தம் கொளுத்தித் தேன் எடுப்பது கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே பக்கம்.

மருந்து விடயத்தில் நாம் தடை கேட்கவில்லை. 2021 மே மாதம் இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் ஒரே அடியாக இறக்குமதித் தடை வந்து, அதே ஆண்டு நவம்பரில் கைவிடப்பட்டதை எல்லோரும் பட்டு அறிந்தோம். நாம் கேட்பது சிறிது: பூத்திருக்கும் பயிருக்குக் காலையில் அடிக்கவேண்டாம், பொழுதுபட்ட பிறகு அடியுங்கள். இமிடாகுளோபிரிட் போன்று செடிக்குள்ளே ஊறி மகரந்தம்வரை போகும் மருந்துகளுக்கு அந்த நேரக்கணக்கும் உதவாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அவ்வகை மூன்றைத் திறந்த வெளியில் பாவிக்கத் தடை செய்தது. பூக்கும் பயிருக்கு அவற்றைப் பரிந்துரைப்பதற்கு முன் விவசாயப் போதனாசிரியர்கள் வேறு வழியைக் காட்டவேண்டும். பூச்சிமருந்தை விற்கும் கடைக்காரரிடமே ஆலோசனை கேட்கும் பழக்கம் எமக்குள் இருக்கும்வரை இது கடினந்தான்.

பிரதேச சபையிடம் ஒரு வேண்டுகோள். வீதியோரத்துத் தும்பையையும் எருக்கலையையும் துப்புரவு என்ற பெயரில் ஒரே நாளில் வழித்தெடுக்கவேண்டாம். ஒரு கரையை வெட்டினால் மற்றக் கரை பூத்து முடியட்டும். பசளைக்குக் குழை வெட்டும் தோட்டக்காரரும் சீமைக்கிளுவையில் ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டலாம். கோயில் நந்தவனங்களில் விடியப்புறம் பூ ஆயும் அடியார்களிடம் கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறோம்: செடிக்கு நாலு பூவை விட்டுவையுங்கள். வேப்பம்பூ வடகத்துக்குப் பாய் விரிப்பவர்களைப் பாருங்கள். தேனீ தின்று முடித்து உதிர்ந்ததைத்தான் கூட்டி அள்ளுகிறார்கள்.

மதிலை இடிக்கச் சொல்லவில்லை. மதிலுக்கு உட்புறம் மூன்று அடி இடம் விட்டால் பத்துக் கதியால் ஊன்றலாம். ஐப்பசியில் மழை விழுந்ததும் எமது உறுப்பினர்களின் வளவுகளில் பூவரசு, கிளுவை, முள்முருக்குத் தடிகள் வெட்டப்படும். வேண்டியவர்கள் கத்தியோடு வந்து தாமே வெட்டிக்கொண்டு போகலாம். காசு இல்லை.