சிறிய தொட்டியும் பெரிய பொய்யும்

சென்ற பங்குனியில் மருமகன் முறையான ஒரு பையன் பூவரசங்குளத்து வீட்டுக்கு வந்தான். நகரத்துக் கடையொன்றில் ஒன்றரை அடி நீளமான கண்ணாடித் தொட்டியைக் கண்டானாம். கடல்நீர் மீன் வளர்க்கப் போகிறானாம். "சின்னத் தொட்டிதான் சுகம் மாமா, செலவும் குறைவு, வேலையும் குறைவு என்று கடைக்காரர் சொன்னார். நீங்களும் முந்தி வளர்த்தனீங்கள்தானே, திரும்பத் தொடங்குங்கோவன்" என்றான்.

உண்மையைச் சொன்னால் அந்த ஆசை எனக்கும் இருந்தது. அவன் போன பின் பழைய தொட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவி மேசையில் வைத்தேன். 40 லீற்றர் கொள்ளும். எனவே இக்கட்டுரை அந்தக் கடைக்காரருக்கு எதிரானது மட்டுமன்று, எனக்கு எதிரானதுமாகும்.

1996இல் வெள்ளவத்தையில் ஓர் அறையில் குடியிருந்து பத்திரிகையில் வேலை பார்த்தேன். அதே தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும் ஒரு சுத்தம் செய்யும் இறாலும் இருந்தன. அவ்வாண்டு மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றின. நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு. இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வந்து பார்த்தபோது காற்றுப் பம்பி நின்றிருந்தது. மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து கிடந்தன. இறால் முன்னரே வெளிறிவிட்டது. மின்சார சபையைத் திட்டித் தீர்த்தேன். குற்றவாளி நானே என்பதை உணரப் பல ஆண்டுகள் சென்றன.

"சிறியது எளிது" என்பது வீட்டுக்கும் வாகனத்துக்கும் பொருந்தலாம். கடல்நீர்த் தொட்டிக்கு அது நேர் எதிரான பொய். கணக்கைப் பாருங்கள். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. 40 லீற்றர் தொட்டியில் வெயில் நாட்களில் 2 லீற்றர் ஆவியானால் உப்பு போகாது, நீர் மட்டுமே போகும். மிஞ்சிய நீரில் உப்பு 36.8 கிராமாக ஏறிவிடும். 200 லீற்றர் தொட்டியில் 5 லீற்றரே ஆவியானாலும் 35.9 கிராம்தான். சூடும் அப்படியே. பெரிய நீர் மெதுவாகச் சுடும், மெதுவாக ஆறும். சிறிய நீரோ மதியம் கொதித்து இரவில் தணியும். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் நிலைபெறவே நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். அதற்குள் ஒரு மீன் செத்தாலும், அந்த அமோனியாவைத் தாங்க 40 லீற்றரில் இடமில்லை. நீர் சூடேறினால் அமோனியாவின் நஞ்சும் கூடும்.

வெப்பத்தின் இன்னொரு கொடுமை மூச்சு. 26 பாகையில் ஒரு லீற்றர் கடல்நீர் ஏறத்தாழ 6.6 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 32 பாகையில் அது 6 மில்லிகிராம் அளவுக்குக் குறையும். மீனின் உடலோ சூட்டில் கூடுதலான ஒட்சிசனைக் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடும் குடும்பம் எத்தனை நாள் நிற்கும்?

நீர்மட்டத்தின் மேல் மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும் என்பார்கள். மெய்தான். சோளகம் வீசும் வறண்ட நாட்களில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஆவியாவதனால்தான் நீர் குளிர்கிறது. ஆகவே குளிர்ச்சிக்கு விலை நல்ல நீர். அதை நாள்தோறும் ஊற்றவேண்டும். எங்கள் கிணற்று நீரை ஊற்றினால் கல்சியமும் பிறவும் சேர்ந்துகொண்டே போகும். சுத்திகரித்த நீர்தான் வேண்டும். வவுனியாவில் சிறுநீரக நோய்க்கு அஞ்சி அந்த நீரைக் கலன்களில் வாங்கிக் குடிக்கும் வீடுகள் எத்தனை! அயலவன் குடிக்க வாங்கும் நீரை நான் கண்ணாடிப் பெட்டியில் ஆவியாக்குவது எனக்கு உறுத்தும்.

மின்விசிறிக்கு மின்சாரமும் வேண்டும். 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சர் சொன்னார். ஒரு குரங்கின் தாவலில் உயிர் போகக்கூடிய இடத்தில் ஓர் உயிரை வைப்பதற்குப் பொழுதுபோக்கு என்று பெயரா?

இனி அந்த மீன் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நன்னீர் அலங்கார மீன்கள் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களில் மிகப் பெரும்பாலானவை முருகைக்கற்பாறைகளில் சுழியோடிகள் பிடித்தவை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த ஒழுங்குவிதிகள் சில இனங்களின் ஏற்றுமதியைத் தடுத்தன. சிலவற்றுக்கு அனுமதி கட்டாயமாயிற்று. அதே 1998இல் கடல் சில வாரங்கள் வழமையைவிடச் சூடேறியதில் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள முருகைக்கற்பாறைகள் வெளிறிச் செத்தன. 2016இல் மீண்டும் வெளிறின. ஓரிரு பாகை ஏற்றத்தைப் பெருங்கடலின் உயிர்களே தாங்கவில்லை. பங்குனி மதியத்தில் ஐந்தாறு பாகை ஏறும் 40 லீற்றரில் அவற்றின் உறவினர் வாழும் என்று எந்த முகத்தோடு சொல்கிறார்கள்?

"சுழியோடியின் பிழைப்பைக் கெடுக்கிறீர்" என்பார் ஒருவர். அவர் கவலை நியாயமானது. ஆழத்தில் இறங்கி உடலைப் பணயம் வைப்பவன் அந்தச் சுழியோடிதான். ஆனால் ஒரு வாரத்தில் சாகும் மீனுக்குப் பதிலாக இன்னொரு மீன் என்று ஓடும் வியாபாரம் அவனை மேலும் ஆழத்துக்கு அனுப்புமேயன்றிக் கரையேற்றாது. பத்து மீன் சாக ஒரு மீன் வாழ்வதைவிட, ஒரு மீனுக்கு நல்ல விலை கொடுத்து அதைப் பத்தாண்டு காப்பது அவனுக்கும் கடலுக்கும் மரியாதை.

"பிள்ளைகள் கடலை அறியவேண்டாமா?" என்பார் மற்றொருவர். பூவரசங்குளம் மன்னார் வீதியில் இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்கு முன் கடலைக் காட்டிவிடலாம். அது செலவும் குறைவு, கொலையும் இல்லை.

வளர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் கோமாளி மீன்களைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறார்கள். தொட்டியிலேயே பிறந்து தொட்டியிலேயே வளர்ந்த சோடி கிடைத்தால் வாங்குங்கள். தொட்டி மூன்றடிக்குக் குறையவேண்டாம். மின்வெட்டுக்குப் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பி முதலில் வரட்டும், மீன் கடைசியில் வரட்டும். வெயிலில் தொடங்காதீர்கள். மாரி தொடங்கியபின் வெறும் நீரை இரண்டு மாதம் ஓடவிட்டு, நாள்தோறும் அளந்து எழுதுங்கள். அந்த இரண்டு மாதமே சலித்துவிட்டால், உங்களுக்குப் பிடித்தது மீனல்ல, தொட்டியின் விளக்கு வெளிச்சம் என்று அறிந்துகொள்ளலாம்.

மருமகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப கடைக்காரர் ஏன் சொல்லயில்லை?" என்றான். மீன் செத்தால் நீ திரும்ப வருவாய் என்பதனால்தான் என்றேன். என் மேசையிலுள்ள தொட்டி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். கார்த்திகை மழை வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே வெள்ளவத்தையில் செத்த அந்த இரண்டு மீன்களுக்கும் நான் செலுத்தும் கடன்.