கேட்பதற்கென்று ஒரு பெட்டி

"கையில்தான் செல்போன் இருக்கிறதே, பாட்டுக் கேட்க இன்னொரு பெட்டி எதற்கு?" எங்கள் கூரத்து டீக்கடையில் பேச்செடுத்தாலும் காஞ்சிபுரம் கடைவீதியில் விலை விசாரித்தாலும் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. பாட்டுப் பெட்டியின் காலம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆப்பிள் நிறுவனமே 2001-இல் கொண்டுவந்த ஐபாடை 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டதே என்று விவரம் தெரிந்தவர்கள் சேர்த்துக்கொள்வார்கள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. என் அப்பாவை வைத்துத்தான் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 79 வயது. கூத்துப் பைத்தியம். எங்கள் வட்டாரத்தில் எந்தத் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைத்தாலும், உத்திரமேரூர்ப் பக்கமானாலும் செய்யாறு தாண்டியானாலும், சைக்கிளில் டேப்ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். மிருதங்கக்காரர் பக்கம் இடம் பிடித்து உட்கார்வார். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். ராத்திரி முழுக்க நடக்கும் கூத்தைப் பிடிக்க ஆறு கேசட் வேண்டும், பத்துப் பன்னிரண்டு தடவை திருப்பிப் போட வேண்டும். அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறும்போதுகூட அப்பாவின் ஒரு கண் கேசட்டின் மேல்தான் இருக்கும். அப்படிச் சேர்ந்தவை 64 கேசட்டுகள். இப்போது அவருக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய். பகல் வெளிச்சத்தில் ஆள் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் அக்கறையாகத்தான் சொன்னான்: "பெரியப்பா, தாத்தாவுக்கு நல்ல போனா ஒண்ணு வாங்கிக் கொடுத்துடலாம். எல்லாம் யூடியூப்லயே இருக்கு." அவன் சொன்னதைத்தான் ஊரும் சொல்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

முதலில், எல்லாம் போனிலேயே ஆகிவிடும் என்பது. கண் நன்றாக இருப்பவருக்கு ஆகும். தொடுதிரை வழவழவென்ற கண்ணாடி. எங்கே எந்தப் பொத்தான் என்று விரலுக்குத் தெரியாது, கண் சொன்னால்தான் தெரியும். பார்வை மங்கியவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் வசதி போனில் உண்டு. இளையவர்கள் அதைப் பழகி அருமையாகக் கையாள்கிறார்கள். 79 வயதில் இரண்டு தட்டு, மூன்று தட்டு, இழுப்பு என்று பழகச் சொல்வது அப்பாவை நாளெல்லாம் அடுத்தவரைக் கூப்பிட வைப்பதாகும். பொத்தான் வைத்த பெட்டியில் நடுவில் இருப்பது நிறுத்தவும் ஓட்டவும், வலது பக்கம் அடுத்தது, இடது பக்கம் முந்தையது. இரண்டு நாளில் விரல் கற்றுக்கொண்டது. நடுப் பொத்தானில் ஒரு சொட்டு பசையை வைத்துக் காயவிட்டு மேடாக்கிக் கொடுத்தேன், அது ஒன்றுதான் நான் செய்த திருத்தம்.

கண் நன்றாக இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போன் பலருக்கும் பதில் சொல்ல வேண்டிய பொருள். துகிலுரிதல் ஓடிக்கொண்டிருக்கும்போது கடன் வேண்டுமா என்று ஒரு அழைப்பு வரும். வீட்டில் ஒரே போன் என்றால் பிள்ளையின் பாடத்துக்கும் அதுதான், ரேஷன் கடைக் குறுஞ்செய்திக்கும் அதுதான், பணம் அனுப்பவும் அதுதான். சாயங்காலம் சார்ஜ் தீர்ந்தால் பாட்டு மட்டுமா நிற்கிறது? எல்லாமே நிற்கிறது.

இரண்டாவது, எல்லாம் யூடியூபில் இருக்கிறது என்பது. கூத்து நிறையவே இருக்கிறது, மறுக்கவில்லை. புரிசை கண்ணப்பத் தம்பிரான் வழிவந்தவர்களின் ஆட்டத்தையும், பெருங்கட்டூர் ராஜகோபால் முன்நின்று 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தின் நிகழ்ச்சிகளையும் போனில் பார்க்க முடிவது பெரிய பாக்கியம். ஆனால் பணம் கட்டாதவருக்கு யூடியூபில் திரை அணைந்தால் சத்தமும் நின்றுவிடும். வெறுமனே கேட்க விரும்புகிறவரும் ராத்திரி முழுக்கத் திரையை எரியவிட வேண்டும். நடுத்தரத் தெளிவில் எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்குக் கொடுக்கும் ஒன்றரை ஜிபி டேட்டா விடியுமுன்பே தீர்ந்துபோகும். நடு நடுவே விளம்பரம் வேறு. அப்பாவின் 64 கேசட்டில் இருப்பதோ எந்தத் தளத்திலும் இல்லை. அந்த ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. தளத்தில் இருப்பது நம்முடையது கிடையாது. ஏற்றியவர் எடுத்துவிட்டால் போயிற்று. எங்கள் ஊர்க்காரர் கூரத்தாழ்வானைப் பற்றிக் குருபரம்பரை நூல்கள் ஒரு கதை சொல்லும். போதாயன விருத்தியைத் தேடி ராமானுஜர் காஷ்மீரம் வரை போனார். கிடைத்த சுவடியை அங்கிருந்தவர்கள் வழியிலேயே வந்து பிடுங்கிக்கொண்டார்கள். உடையவர் மனம் உடைந்து நின்றபோது, இரவெல்லாம் விழித்து அதைப் படித்து மனத்தில் ஏற்றி வைத்திருந்த ஆழ்வான், கவலை வேண்டாம், என்னிடம் இருக்கிறது என்றாராம். பின்னாளில் கண்ணை இழந்தபோதும் அவருக்குள் இருந்ததை யாராலும் பறிக்க முடியவில்லை. மெமரி கார்டில் பாட்டை ஏற்றி வைத்துக்கொள்பவரைப் பழைய ஆள் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது.

மூன்றாவதாகச் சிலர் எதிர்ப்பக்கம் போவார்கள். தனியாக வாங்குவதானால் உயர்ந்த ரகமாக, பல ஆயிரம் கொடுத்து, 'ஹை-ரெஸ்' என்று போட்டிருக்கும் கருவியாக வாங்கு, மற்றதெல்லாம் குப்பை என்பார்கள். மனிதக் காது, இளம் வயதில், நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். 1982-இல் வந்த சிடியே அதற்குப் போதுமான அளவில்தான் ஒலியைப் பதிகிறது. கேசட்டில் பிடித்த கூத்தையோ பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த நாடகப் பாட்டையோ எத்தனை பெரிய கோப்பில் வைத்தாலும், அதில் இல்லாதது புதிதாக வந்துவிடாது. காசைப் போட வேண்டியது ஸ்பீக்கரில். கடைக்காரர் எப்போதும் அதிரடிப் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார். நீங்கள் ஒரு மிருதங்கப் பதிவைப் போடச் சொல்லுங்கள். வலந்தலை எதிலும் கணீரென்று கேட்கும். இடப்பக்கத்துத் தொப்பி கேட்கிறதா என்று கவனியுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டியில் தொப்பி காணாமல் போகும், முகவீணை மட்டும் காதைக் குத்தும். இரண்டு கைப்பிடி அகலமாவது உள்ள பெட்டியில் ஓரளவு வரும்.

அப்புறம், இந்தப் பெட்டிகள் வாங்கி ஆறு மாதத்தில் வீணாகின்றன என்ற குற்றச்சாட்டு. இதில் உண்மை இருக்கிறது, நானும் ஏமாந்தேன். முதலில் வாங்கிய பெட்டியில் பேட்டரியை உள்ளேயே வைத்து மூடியிருந்தார்கள். மழைக்காலத்துக்குள் அது உப்பிவிட்டது, மாற்ற வழியில்லை. இரண்டாவது தடவை பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்கினேன். பழைய நோக்கியா போனில் இருந்த பிஎல்-5சி பேட்டரியே போதும் என்ற வகைப் பெட்டிகள் நிறைய வருகின்றன. அந்தப் பேட்டரி எந்தச் செல்போன் கடையிலும் கிடைக்கும்.

ஒரு பெட்டியைக் கையில் எடுத்தால் நான் வேறு மூன்றும் பார்ப்பேன். அணைத்துவிட்டுப் போட்டால் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறதா என்பது முதலாவது. சினிமாப் பாட்டுக் கேட்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. 45 நிமிடக் கோப்பில் நாற்பதாவது நிமிடத்தில் தூங்கிப்போனவருக்கு இதுதான் எல்லாம். அடுத்தது கார்டு. மலிவான பெட்டிகள் பலவும் 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிக்காது, கடைக்காரர் 128 என்று நீட்டினாலும் வாங்க வேண்டாம். ஒற்றை ஒலித்தடத்தில், 64 கேபிபிஎஸ் வேகத்தில் எம்பி3 ஆக்கினால் ஒரு இரவுக் கூத்து ஏறத்தாழ 230 எம்பி. அப்பாவின் 64 கேசட்டும் சேர்ந்தால்கூட 3 ஜிபியைத் தாண்டாது. கடைசியாக வரிசை. பல பெட்டிகள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, கார்டில் எது முதலில் ஏறியதோ அதைத்தான் முதலில் பாடும். அதனால் 01, 02 என்று எண் போட்டு, அந்த வரிசையிலேயே ஏற்ற வேண்டும். பாட்டு ஏற்றித் தரும் கடையில் அவசரமாக அள்ளிப் போட்டால் பதினெட்டாம் போர் முடிந்த பிறகு வில் வளைப்பு வரும். கார்டு எப்போது வேண்டுமானாலும் கெட்டுப்போகும், கணினியில் இன்னொரு பிரதி இருக்கட்டும்.

படம் பார்க்கும் விஷயத்தில் மட்டும் ஊர் சொல்வது சரி. கையடக்கத் திரையோடு 'எம்பி4 பிளேயர்' என்று விற்பதை வாங்காதீர்கள். நாம் வைத்திருக்கும் கோப்பைப் பாதிக்குப் பாதி அது திறக்காது. அதற்கேற்ற வடிவத்துக்கு ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும், திரையும் தீப்பெட்டி அளவு. வீடியோவுக்குப் போனில் விஎல்சி செயலி இருந்தால் போதும், எந்தக் கோப்பையும் ஓட்டும். குடும்பமாகப் பார்க்க வேண்டுமானால் டிவியின் பின்னால் பென்டிரைவைச் செருகுங்கள். பென்டிரைவ் பழைய எஃப்ஏடி32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் ஏறாது, ராத்திரிக் கூத்தை மூன்று நான்காக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐபாட் போனதாலேயே தனிப்பெட்டிக்கு ஆளில்லை என்பதையும் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். 2017-இல் சரிகம நிறுவனம் 5,000 பழைய பாடல்களை உள்ளே வைத்து கேரவன் என்று ஒரு பெட்டி கொண்டுவந்தது. எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்ட காலத்தில்தான் அது லட்சக்கணக்கில் விற்றது.

கடைசியாக, 'தனியாக எதற்கு' என்ற அந்தச் சொல்லே என்னை உறுத்துகிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஒரு கிராமத்தைக் கொடுத்தான். கூரம் செப்பேட்டில் அது 25 பங்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கோயில் பூசைக்கும் பழுது பார்க்கவும் மூன்று, மறையவர்களுக்கு இருபது. மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் வைக்க ஒன்று. அந்த மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒன்று. தண்ணீருக்கும் நெருப்புக்கும் கொடுத்த அதே அளவை, ஊர் உட்கார்ந்து கதை கேட்பதற்கும் கொடுத்திருக்கிறான். மற்ற வேலைகளோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடவில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கிழவருக்கு, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு பெட்டியைத் தனியாக எதற்கு என்று கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.

தம்பி மகன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். டேப்ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒயர் போட்டு, ஆடாசிட்டி மென்பொருளில் கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றுகிறான். ஓட ஓடத்தான் ஏறும் என்பதால் தொண்ணூறு நிமிடமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். தாத்தா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, எந்த ஊர், எந்த வருஷம், யார் வேஷம் என்று குரலை வைத்துச் சொல்லச் சொல்ல, இவன் கோப்புக்குப் பெயர் வைக்கிறான். 55 ஆகியிருக்கிறது. பாக்கி ஒன்பதில் பூஞ்சை பிடித்திருக்கிறது. கர்ண மோட்சம் அந்த ஒன்பதுக்குள்தான் இருக்கிறது.