தாய்க்கு ஜுரம்

"மாமா, தேசபக்தி என்றாலும் தேசியம் என்றாலும் ஒன்றுதானே?" என்று கேட்டுக்கொண்டு வந்தான் பக்கத்து வீட்டுப் பையன். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியாம். ஐந்து நிமிஷம் பேச வேண்டுமாம்.

"ஒன்றுதான், போ" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்திருக்கலாம். தமிழில் இந்த இரண்டு வார்த்தைகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத்தான் வளர்ந்தன. சுதந்திரப் போராட்ட காலத்தில் ஒருவரைத் தேசியவாதி என்றால் அது பெரிய புகழ்ச்சி. ஆனால் தேசியத்தைக் கண்டு அஞ்சிய ஒரு தேசபக்தர் என் நினைவுக்கு வந்துவிட்டார்.

"நம் தேசிய கீதத்தை எழுதியவர் யார்?" என்று கேட்டேன்.

"ரவீந்திரநாத் தாகூர்!"

"அவரேதான். உட்கார், சொல்கிறேன்."

1905-ல் கர்ஸன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிளந்தார். பிரிவினை அமலுக்கு வந்த அக்டோபர் 16-ந் தேதி, தாகூர் கல்கத்தா வீதியில் இறங்கி, ஹிந்து முஸ்லிம் என்று பாராமல் எதிர்ப்பட்டவர் கையிலெல்லாம் ராக்கி கட்டினார். ஊரே பாடும்படி சுதேசிப் பாட்டுகள் எழுதினார். அவற்றில் ஒன்றுதான் இன்று பங்களா தேசத்தின் தேசிய கீதமாக இருக்கிறது.

ஆனால் கொஞ்ச நாளில் இயக்கத்தின் முகம் மாறியது. 'அந்நியத் துணி வாங்காதீர்கள்' என்று கும்பிட்டுக் கேட்டது போய், விற்பவனை மிரட்டுவது வந்தது. சந்தையில் மலிவுத் துணி விற்று வயிறு வளர்த்த ஏழைகள், முக்கியமாக ஏழை முஸ்லிம்கள், தவித்தார்கள். தாகூர் மெல்ல ஒதுங்கிக்கொண்டார். 1916-ல் வெளியான 'வீடும் வெளியும்' நாவலில் இந்த வேதனையைக் கதையாக்கினார். அதில் வரும் சந்தீப் தேசத்தின் பெயரால் முழங்குகிறான். ஜமீன்தார் நிகிலோ, தேசத்தின் பெயரால் ஏழைக் குடியானவனை வருத்த மாட்டேன் என்கிறான். ஊர் நிகிலைத் துரோகி என்கிறது.

அதே 1916-ல் தாகூர் ஜப்பானுக்கு விஜயம் செய்தார். ஆசியாவின் முதல் நோபல் பரிசுக் கவிஞர் ஆயிற்றே! பிரமாதமான வரவேற்பு. அவரோ டோக்கியோ மேடையில் ஏறி, மேல்நாட்டாரின் தேசிய வெறியைக் காப்பியடிக்காதீர்கள் என்று எச்சரித்தார். அவ்வளவுதான், உற்சாகம் வடிந்துவிட்டது. 'தோற்றுப்போன தேசத்துக் கவிஞர்' என்று பரிகசித்தார்கள். வரவேற்க வந்த கூட்டம் வழியனுப்ப வரவில்லை.

"அப்படியானால் அவர் பயந்தவரா, மாமா?"

நல்ல கேள்வி. 1919-ல் ஜாலியன் வாலாபாக் படுகொலை நடந்தது. பஞ்சாபில் ராணுவச் சட்டம். வாய் திறக்கப் பெரிய மனிதர்களே தயங்கினார்கள். தாகூர் வைஸ்ராய் செம்ஸ்போர்டு பிரபுவுக்குக் கடிதம் எழுதி, 1915-ல் தமக்குக் கொடுத்த 'ஸர்' பட்டத்தைத் துறந்தார். பயந்தவர் செய்யும் காரியமா அது?

1938-ல் இன்னொரு சோதனை வந்தது. சீனாவின் மீது ஜப்பான் யுத்தம் நடத்திக்கொண்டிருந்தது. ஜப்பானியக் கவிஞரும் பழைய நண்பருமான நொகுச்சி, அந்த யுத்தம் ஆசியாவின் நன்மைக்கே என்று வாதாடித் தாகூருக்கு எழுதினார். தாகூர் தயவுதாட்சண்யம் பார்க்காமல் பதில் எழுதினார். தாம் நேசிக்கும் ஜப்பானிய ஜனங்களுக்கு வெற்றி வேண்டாம், பச்சாத்தாபம் உண்டாகட்டும் என்று முடித்தார்.

பையன் நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு, "வித்தியாசத்தை ஒரே வரியில் சொல்லுங்கள், மாமா" என்றான்.

"உன் அம்மாவுக்கு ஜுரம் என்று வைத்துக்கொள். ஒரு பிள்ளை கஷாயம் போட ஓடுகிறான். இன்னொருவன், 'என் தாய்க்கா ஜுரம்? எவன் சொன்னான்?' என்று சொன்னவனை அடிக்க ஓடுகிறான். இருவருமே தாய்மேல் பிரியம் உள்ளவர்கள்தான். ஆனால் ஜுரம் யாரால் இறங்கும்?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "இதைப் பேசினால் பரிசு கிடைக்குமா?"

"சொல்ல முடியாது, அப்பா. தாகூருக்கே டோக்கியோவில் கிடைக்கவில்லை!"

பேசப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.