கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்!

போன மாதம் ஒரு லேப்டாப் வாங்கினேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ‘இந்த ஆளுக்கு எதைக் கொடுத்தாலும் குறைதான்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

எடை ஒரு கிலோவுக்கும் கம்மி. 13 அங்குலத் திரை. மூடி வைத்தால் பள்ளிக்கூட அட்லஸ் மாதிரி இருக்கிறது. சென்னை எழும்பூரில் வந்தே பாரத் ஏறி, திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்குகிறவரை கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் தட்டிக்கொண்டே வந்தேன். இறங்கும்போது பேட்டரியில் கால்வாசி மிச்சம். மடி சுடவில்லை. ஃபேன் சத்தம் இல்லை, ஏனென்றால் ஃபேனே இல்லை! பக்கத்து சீட்டுக்காரர் மதுரை வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை வண்ணார்பேட்டை வரைக்கும்தான்.

அங்கே மாடிப்படிக்குக் கீழே ஒரு ரிப்பேர் கடை. ஊருக்குப் போனால் எட்டிப் பார்ப்பது வழக்கம். கடைத் தம்பியிடம் புதுசை நீட்டினேன். அவர் திரையைத் திறக்கவே இல்லை. கவிழ்த்துப் பார்த்தார்.

“அண்ணாச்சி, ராம் எவ்வளவு?”

“எட்டு ஜிபி.”

“பத்தலைன்னா என்ன செய்வீங்க?”

“உங்ககிட்ட வந்து இன்னொரு எட்டு போட்டுக்கிட வேண்டியதுதான்.”

“போட முடியாது அண்ணாச்சி. இந்த மாடல்ல ராமை போர்டோட சால்டர் பண்ணியிருக்கான். டிஸ்க்கும் அப்படித்தான். பேட்டரியப் பசை போட்டு ஒட்டியிருக்கான். இதுல எனக்கு வேலையே இல்ல.”

அவருக்கு வேலை இல்லை என்பதல்ல என் கவலை. அவருக்கு வேலை இல்லை என்றால் எனக்கு என்ன கதி என்பதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். என் தங்கை மகள் 2014-ல் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் ஒன்று எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. 14 அங்குலம், செங்கல் கனம். ‘இதைத் தூக்குறதுக்கு ஒரு ஆள் வேணும் மாமா’ என்பாள். அதில்தான் அவள் ஆராய்ச்சி செய்தாள். தாமிரபரணிக் கரை ஊர்களில் வில்லுப்பாட்டுப் பாடுகிற பெரியவர்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்த பாட்டெல்லாம் அதற்குள்தான் இருந்தது. பாடியவர்களில் சிலர் இன்று இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை திருநெல்வேலிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஆறு பெருகி, ஜங்ஷன் பக்கமெல்லாம் வெள்ளம். தங்கை வீட்டிலும் தண்ணீர் ஏறி, அலமாரி அடித்தட்டில் இருந்த லேப்டாப் நனைந்துவிட்டது. அந்தப் பிள்ளை அழுத அழுகை! வெள்ளம் வடிந்ததும் இந்தத் தம்பியிடம்தான் கொண்டு வந்தோம். திருகாணிகளைக் கழற்றினார். பேட்டரியை எடுத்தார். டிஸ்க்கைத் தனியே உருவி, காயவைத்து, வேறு கணினியில் மாட்டினார். பாட்டு அத்தனையும் பத்திரம். பிறகு கீபோர்டு மாற்றி, ராம் மாற்றி, லேப்டாப்பையும் பிழைக்க வைத்தார்.

இப்போது நான் வாங்கியது அன்று நனைந்திருந்தால்? டிஸ்க் வேறு, போர்டு வேறு இல்லை. போர்டு போனால் பாட்டும் போச்சு.

‘காப்பி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?’ என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அது என் புத்திசாலித்தனத்துக்கான அறிவுரை. பெட்டியை மூடி ஒட்டியதற்கு அது பதில் ஆகுமா?

நான் பி.காம். படித்தவன். கணக்காகவே பார்க்கலாம். விலை எழுபதாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்கில் கணினிக்கான தேய்மானம் ஒரு காலத்தில் வருஷத்துக்கு 60 சதவீதம். 2017-18 நிதியாண்டிலிருந்து அதை 40 ஆகக் குறைத்தார்கள். அந்தக் கணக்குப்படி நாலு வருஷம் கழித்தும் ஏட்டில் 9,072 ரூபாய் மிச்சம் நிற்கும். அதாவது ‘பொருள் நிதானமாகத் தேயும்’ என்கிறது அரசாங்க ஏடு. ஆனால் லித்தியம் பேட்டரி சில நூறு தடவை முழுசாக ஏறி இறங்கினாலே தளர ஆரம்பிக்கும். அதைச் சுலபமாக மாற்ற முடியாத பெட்டியில், பேட்டரியின் ஆயுள்தான் பெட்டியின் ஆயுள். சைக்கிள் டியூப் தேய்ந்தால் சைக்கிளையே தூக்கிப் போடுவோமா?

கம்பெனிகள் ஒரு பதில் வைத்திருக்கின்றன: ‘மெல்லிசாக வேண்டும் என்று கேட்டது நீங்கள். மெல்லிசு என்றால் ஒட்டித்தான் ஆக வேண்டும்.’ 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டியபோது உலகமே கைதட்டியது. அதிலேயே ராம் போர்டோடு சேர்ந்ததுதான். சால்டர் செய்தால் இடம் மிச்சம், மின்சாரமும் மிச்சம் என்பது பொய்யில்லை.

ஆனால் ‘ஒட்டித்தான் ஆக வேண்டும்’ என்பது பொய். 2021-ல் அமெரிக்காவின் ஃப்ரேம்வொர்க் நிறுவனம் சுமார் 1.3 கிலோவில் ஒரு லேப்டாப் கொண்டு வந்தது. கூடவே ஒரு திருப்புளியும் வைத்துக் கொடுத்தார்கள். ராம், டிஸ்க், பேட்டரி, கீபோர்டு எல்லாவற்றையும் நாமே மாற்றலாம். மெல்லிய லேப்டாப்பிலும் கழற்றி மாட்டக்கூடிய புதுவகை ராமுக்கு 2023 டிசம்பரில் சர்வதேசத் தரமே வந்துவிட்டது. ஆக, முடியாது என்பதில்லை. மனசில்லை.

மெல்லிசு எங்கள் ஊருக்கும் புதுசில்லை. இங்கிருந்து சேரன்மகாதேவி போகிற வழியில் பத்தமடை இருக்கிறது. அந்த ஊர்ப் பட்டுப் பாயை மடித்தால் துணி மாதிரி அடங்கிவிடும். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து நெய்கிறார்கள். மெல்லிசாக ஆக ஆக நாளும் கூடும், விலையும் கூடும். சந்தோஷமாகக் கொடுக்கிறோம். ஆனால் பாய் விற்றவர் ‘ஓரம் பிரிந்தால் வேறு யாரும் தைக்கக் கூடாது’ என்று சொல்வதில்லை.

பிரான்ஸில் 2021 ஜனவரி முதல், பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று லேப்டாப்புக்குப் பத்துக்கு மார்க் போட்டு, விலைக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தார்கள். நம் மத்திய அரசும் 2022-ல் பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு போட்டது. அதே டிசம்பரில் இணையதளமும் திறந்தது. இணையதளம் திறந்தது சரி, பெட்டி திறக்கவில்லையே!

தமிழக அரசுக்கும் ஒரு வார்த்தை. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு லேப்டாப் போனது. 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார்கள். லட்சக்கணக்கில் வாங்குகிறவன் வைத்ததுதான் சட்டம். டெண்டரில் நாலு வரி சேர்த்தால் போதும்: ராம் மாற்றலாமா, டிஸ்க் மாற்றலாமா, பேட்டரி மாற்றலாமா, ஐந்து வருஷத்துக்கு உதிரிபாகம் கிடைக்குமா? அம்பாசமுத்திரத்துப் பிள்ளையின் லேப்டாப் அம்பாசமுத்திரத்திலேயே சரியாக வேண்டாமா?

அதே நாலு கேள்வியைக் கடையில் நீங்களும் கேளுங்கள். விற்பனைப் பையன் திரையின் பளபளப்பைத்தான் காட்டுவான். கையில் வைத்து எடை பார்க்கச் சொல்வான். பாருங்கள். பார்த்துவிட்டு, பெட்டியைக் கவிழ்த்துத் திருகாணி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான் பார்க்காமல் வாங்கிவிட்டேன். எழுபதாயிரம் ரூபாய்!